செயலியில் தெரியாத வண்டி

போன மாதம் ஒரு வன்கொடுமை வழக்கின் வாய்தாவுக்குப் போய்விட்டு, மாலையில் விழுப்புரம் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் என்றால் இந்தப் பக்கத்தை எழுதும் அக்காவும் தம்பியும்தான். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். விருத்தாசலம் பக்கம் போக வேண்டிய வண்டி நாற்பது நிமிடம் தாமதம். நடைமேடையில் இருந்த அத்தனை பேர் கையிலும் போன். ஒரு பெரியவர் மட்டும் போன் இல்லாமல், பக்கத்தில் இருந்த பையனிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்: "எங்க வருது பாரு தம்பி." பையன் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "விக்கிரவாண்டி தாண்டிட்டுது தாத்தா." பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். பத்து வருடத்துக்கு முன்பு இந்தப் பதிலுக்கு விசாரணைக் கவுண்டரில் முண்டியடிக்க வேண்டும். அங்கே உள்ளவர் நம் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இந்தச் செயலி அப்படிப் பார்ப்பதில்லை. அந்த வகையில் எங்களுக்கு இதன்மேல் ஒரு மரியாதை உண்டு.

அப்போது எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆறு பேர் வரிசையாக வந்தார்கள். தோளில் கடப்பாரை, கையில் ஜல்லிக் கூடை. ஒவ்வொருவரும் பத்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற அம்மா தன் கணவரிடம் சொன்னார்: "டிராக்குல வேலையாம். அதான் லேட்டு." அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவங்களுக்கு வேற நேரமே கிடைக்காதா" என்றார்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

எங்கள் அப்பா கீமேன். ரயில் பாதையோரச் சேரியில் பிறந்து, கேங்கில் சேர்ந்து, கீமேனாக ஓய்வு பெற்றவர். கீமேன் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். விடியற்காலையில் தன் பீட்டின் ஒரு முனையில் தொடங்கி, ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மறுமுனை வரை நடக்க வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். தோளில் நீளமான ஸ்பேனர், கையில் சுத்தியல், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, வெடி. கழன்ற கீயை அடித்து இறுக்குவது, போல்ட்டைத் திருகுவது, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. விரிசல் கண்டால் வண்டி வரும் திசையில் ஓடி, தண்டவாளத்தின் மேல் வெடியைக் கட்டி, கொடியைக் காட்டி நிறுத்த வேண்டும். ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு போகும் வண்டியை ஒற்றை ஆளாக நிறுத்தும் அதிகாரம் எங்கள் சேரியில் அப்பாவுக்கு மட்டும்தான் இருந்தது. அதே ஆள் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்க முடியாது.

எங்கள் வீட்டில் ரயில்தான் கடிகாரம். "வைகை போயிடுச்சி, உலை வை" என்பாள் அம்மா. பல்லவன் போனால் பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வந்திருக்க வேண்டும். ராத்திரியில் பாண்டியனும் மலைக்கோட்டையும் போகிற சத்தத்தில் வித்தியாசம் சொல்லுவார் அப்பா. நாங்கள் நம்ப மாட்டோம். மறுநாள் ஸ்டேஷனில் கேட்டால் சரியாக இருக்கும். வண்டி வருவதற்கு முன்பே தண்டவாளம் பாடும் என்பார். ஜல்லிக்கல் லேசாக நடுங்கும் என்பார். பாதையில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் செயலி. வண்டி எங்கே வருகிறது என்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, உயிர்.

2018 வாக்கில் நாங்கள் 'வேர் இஸ் மை டிரெயின்' செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டோம். பெங்களூரைச் சேர்ந்த சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் கூகுள் அதை வாங்கிவிட்டது. அதன் சூட்சுமம் எளிமையானது. வண்டிக்குள் இருக்கும் பயணியின் போன் எந்தெந்த செல்போன் கோபுரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதை வைத்து, இணையமும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லாமலே வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். வண்டிக்குள் யாரோ ஒருவர் செயலியைத் திறந்து வைத்திருப்பதால்தான் வெளியே நிற்கும் நமக்குத் தெரிகிறது. ரயில்வேயின் சொந்தச் செயலி என்.டி.இ.எஸ். அது வேறு வழியில் வருகிறது. வண்டி ஒவ்வொரு நிலையத்தையும் கடக்கும் நேரம் கட்டுப்பாட்டு அறையின் கணினியில் பதிவாகும். அதிலிருந்து நமக்குக் காட்டுவார்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வண்டி எங்கே என்பது முன்பெல்லாம் ஒரு கணக்குப் போட்ட ஊகம்தான். பிறகு இஸ்ரோ துணையோடு எஞ்சினிலேயே கருவி பொருத்தத் தொடங்கினார்கள். ஆர்.டி.ஐ.எஸ். என்று பெயர். செயற்கைக்கோள் வழியாக 30 விநாடிக்கு ஒருமுறை எஞ்சின் தன் இடத்தையும் வேகத்தையும் சொல்லும். முதல் கட்டத்தில் 2,700 மின்சார எஞ்சின்களில் பொருத்தியதாக 2022இல் அரசு அறிவித்தது.

அப்பாவுக்கு இதைக் காட்டினோம். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். போனையே பார்த்தார். "இப்ப எங்கன்னு காட்டுது?" என்றார். "பரிக்கல் பக்கம்" என்றோம். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "அது அப்பவே தாண்டிட்டுது" என்றார். சொல்லி முடிக்கும்போது எங்கள் தெருவைக் கடந்து வண்டி போனது. போனில் புள்ளி இன்னும் பரிக்கலில்தான் நின்றது. அப்பா சிரித்த சிரிப்பை ஒரு வாரம் வரை தெருவே பேசியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 30 விநாடியில் ஏறக்குறைய 900 மீட்டர் போய்விடும். புள்ளி எப்போதும் வண்டிக்குப் பின்னால்தான் இருக்கும். நடைமேடையில் நிற்பவருக்கு அது பெரிய விஷயம் இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசினார். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னதை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதே பேச்சில் கேங்மேன்களைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடுகிறோம். ரயில்வேயில் நம் மக்களுக்கு வாய்த்தது கேங்மேன் வேலை. சேர்ந்த நாளிலிருந்து சாகும்வரை கேங்மேனாகவே இருக்கிறார்கள், மேலே ஏற வழியில்லை என்றார். போர்ட்டர் வேலைக்கும் நம்மை எடுப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், நம்மை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்றார். எங்கள் அப்பா இந்தப் பேச்சைப் படித்தவர் இல்லை. நாங்கள் படித்துக் காட்டியபோது, "எங்க மேட்டுக்கும் இதான்" என்றார். அதிகாரிகளின் பங்களாவுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் சமையலுக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர் என்று பிரிப்பார்களாம். அப்பாவைச் சமையலுக்கு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பாதையில் இருக்க வேண்டிய ஆட்களை அதிகாரிகள் வீட்டு வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி 2017இல் ரயில்வே வாரியமே உத்தரவு போட வேண்டியிருந்தது. மன்மாடுக்குப் பிறகு 79 ஆண்டுகள்.

இனி சித்தப்பா மகனைப் பற்றி. எங்களுக்குத் தம்பி. பி.காம். முடித்தவன். 2018இல் வந்த குரூப் டி தேர்வை எழுதி டிராக்மேன் ஆனான். அந்தத் தேர்வை எழுதியதில் பட்டதாரிகள் ஏராளம். அவனுக்கு வேறு மாநிலத்தில் போட்டார்கள். எந்த மண்டலம், எந்தப் பிரிவு என்பதை இங்கே எழுதவில்லை. அவன் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறான். போகும்போது அவன் போனில் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தது நாங்கள்தான். எந்தெந்த வண்டிகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் நாங்கள்தான். அப்பா தன் காதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, நாங்கள் போனைக் கொடுத்தோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் காது இப்போது உதவாது என்பதும் உண்மை. தண்டவாளத்தை நீளநீளமாகப் பற்றவைத்துவிட்டதால் பழைய 'தடக் தடக்' இல்லை. டீசல் எஞ்சின் தூரத்திலிருந்தே உறுமும். மின்சார எஞ்சின் பக்கத்தில் வரும்வரை சத்தமில்லை. வந்தே பாரத் இன்னும் மோசம். ஒற்றைப் பாதை இரட்டைப் பாதையானபின் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொண்டது. ஒரு வண்டிக்கு ஒதுங்க, அடுத்த பாதையில் போய் நிற்பார்கள். முதல் வண்டியின் சத்தத்தில் இரண்டாவது வண்டி வருவது கேட்காது. தண்டவாளத்தில் செத்தவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்தால், பாதிக்குப் பாதி இந்தக் கதைதான் சொல்வார்கள்.

ஒருநாள் விடியற்காலையில் தம்பி தனியாகக் கீமேன் பீட்டுக்குப் போயிருக்கிறான். வழக்கமான ஆள் விடுப்பு. செயலியைத் திறந்து பார்த்திருக்கிறான். அடுத்து வர வேண்டிய எக்ஸ்பிரஸ் 50 நிமிடம் தாமதம் என்று காட்டியது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஒரு வளைவில் குனிந்து கீ அடிக்க ஆரம்பித்தான். அந்த நேரத்தில் பெட்டி எதுவும் இல்லாமல் எஞ்சின் மட்டும் தனியாக வந்தது. லைட் எஞ்சின் என்பார்கள். சரிவுக்குக் கீழே ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா அவர்கள் மொழியில் கத்தியிருக்கிறார். என்ன வார்த்தை என்று அவனுக்குப் புரியவில்லை. கத்திய விதம் புரிந்தது. ஜல்லியில் உருண்டான். முழங்கை உடைந்தது. ஸ்பேனரை எஞ்சின் அடித்துப் புதருக்குள் தூக்கிப் போட்டது.

லைட் எஞ்சின் பயணிகளுக்கான செயலியில் வராது. சரக்கு வண்டி வராது. மேல்கம்பியைப் பார்க்க வரும் டவர் வேகன் வராது. யாரும் ஏறப்போகாத வண்டி எதற்கு வர வேண்டும்? அந்த வண்டிக்காக எந்த நடைமேடையிலும் யாரும் காத்திருக்கவில்லை என்பது அதை உருவாக்கியவர்களின் கணக்கு. ஏறுவதற்குக் காத்திருக்கிறவர் உண்டு, விலகுவதற்குக் காத்திருக்கிறவரும் உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை. சரக்கு வண்டியைப் பார்க்க வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்.ஓ.ஐ.எஸ். என்று தனியாக ஒன்று இருக்கிறது. நிலக்கரி, சிமெண்ட் அனுப்புகிற கம்பெனிக்காரர் தன் ரேக் எங்கே போகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். சரக்குக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும், பயணிக்குத் தெரியும், கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். பாதையில் குனிந்து நிற்கிறவனுக்கு மட்டும் ஆடு மேய்க்கும் அம்மா கத்த வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வந்தவனிடம் முதலில் கேட்ட விளக்கம், ஸ்பேனர் எங்கே என்பது. செயலியைப் பார்த்தேன் என்று அவன் சொல்லவில்லை. பணி நேரத்தில் போன் பார்த்தது குற்றமாகிவிடும். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதை அவன் எங்களிடம் சொன்னதே ஆறு மாதம் கழித்துத்தான். அப்பா கேட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தார். "பையனுக்கு இன்னாத்தக் கத்துக் குடுத்தீங்க? போனப் பாக்கவா, பின்னாடி திரும்பிப் பாக்கவா?" எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

2024 நவம்பர் 2 அன்று கேரளத்தில் ஷொர்ணூருக்குப் பக்கத்தில் பாரதப்புழா பாலத்தின் மேல் பாதையில் கிடந்த குப்பைகளை அகற்றிக்கொண்டிருந்த நான்கு பேரை, டில்லியிலிருந்து வந்த கேரளா எக்ஸ்பிரஸ் அடித்தது. சேலம் மாவட்டத்துக்காரர்கள். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாலத்தில் ஒதுங்க இடமில்லை. அன்று இரவு செய்தியைப் படித்துவிட்டு, ஏன் என்று தெரியாமலே செயலியைத் திறந்து அந்த வண்டியின் எண்ணைப் போட்டோம். திருச்சூர், எர்ணாகுளம் என்று நிலையங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்த நேரம், புறப்பட்ட நேரம் இருந்தது. பாலத்துக்கு எதிரே எதுவும் இல்லை. பாலம் நிலையம் இல்லையே.

பாதையைச் சுத்தம் செய்கிற வேலைக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ரயில் பாதை என்ற சொல்லைத் தன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கையோடு ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறது. அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் செய்தால் அவர் கையால் மலம் அள்ளுபவர் ஆக மாட்டார். பயோ டாய்லெட் வந்து அந்தக் கொடுமை பெருமளவு குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குக் கீழே தொட்டி வைக்கத் தெரிந்தவர்கள், பாதையில் நிற்கும் ஆளின் கையில் ஒரு கருவி வைக்க ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொள்கிறார்கள்?

கருவி இல்லாமல் இல்லை. 'ரக்‌ஷக்' என்று பெயர். அடுத்த நிலையத்திலிருந்து வண்டி வருகிறது என்றால் ரேடியோ அலை வழியாகக் கையில் உள்ள பெட்டி அலறும், அதிரும். இணையம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். சில பிரிவுகளில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தம்பி அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012இல் தந்த அறிக்கை, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வேலையில் இருந்த ரயில்வே ஊழியர்கள் ஏறக்குறைய 1,600 பேர் செத்ததாகச் சொன்னது. அதே காலத்தில் ரயில் விபத்துகளில் செத்தவர்களைவிட இது அதிகம். ரயில் கவிழ்ந்தால் அமைச்சர் ஓடிவருகிறார். இவர்கள் ஒருவர் இருவராகச் சாகிறார்கள். மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வரும். அந்த வரியிலும் 'ரயில் வருவதைக் கவனிக்காமல்' என்ற சொற்கள் தவறாமல் இருக்கும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 30 விநாடிக்கு ஒருமுறை எஞ்சின் சொல்லுகிற தகவல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் சரக்கு வண்டியும் லைட் எஞ்சினும் உட்பட எல்லாமே, அந்தந்தப் பீட்டில் இருக்கிறவருக்கு ஓர் அலறலாகப் போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றாலும் சேர வேண்டும். அலறல் வராத பிரிவில் தனி ஆளை அனுப்பக் கூடாது; திரும்பிப் பார்க்க இன்னொரு ஆள் விசிலோடு நிற்க வேண்டும். இது விதியாகப் பல காலமாகவே இருக்கிறது என்பார்கள். ஆள் பற்றாக்குறை என்றும் அவர்களே சொல்வார்கள்.

நடைமேடையில் பக்கத்தில் நின்ற அந்தக் கணவரிடம் பேசாமல் இருந்துவிட்டோம் என்று மேலே எழுதினோம். வண்டி வந்து எங்களுக்கு எதிர் இருக்கையிலேயே அவர்கள் உட்கார்ந்தார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவர் போனில் புள்ளி நின்றுவிட்டது. "சிக்னல் இல்லபோல, எங்க வருதுன்னு தெரியல" என்று எங்களிடம் கேட்டார். வெளியே இருட்டு. அப்பாவின் பீட் அது. அக்கா ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்து, "வாய்க்கால் பாலம் தாண்டிட்டோம் சார். விருத்தாசலம் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கள் அப்பா இந்தப் பாதையில் கீமேன் என்று சொன்னோம். அந்த அம்மா, "ராத்திரிலயும் நடப்பாங்களா?" என்று கேட்டார். மழைக்காலத்தில் பேட்ரோல் உண்டு, கைவிளக்கோடு நடப்பார்கள் என்றோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கணவரும் போனை வைத்துவிட்டுப் பார்த்தார். விருத்தாசலம் வரும்வரை அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

தம்பி அந்தச் செயலியை அழித்துவிட்டான். நாங்கள் அழிக்கவில்லை. அவன் இரவுப் பணியில் இருக்கும் நாட்களில் அவன் பீட்டைக் கடக்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்போம். கடைசி எக்ஸ்பிரஸ் தாண்டியதும் அப்பாவிடம் சொல்வோம். "கூட்ஸு?" என்பார். தெரியாது என்போம். காலை ஆறு மணிக்குத் தம்பி ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அதன்பிறகுதான் அப்பா டீயைக் கையில் வாங்குவார்.